கவ்வாத்து செய்யக் கூடாத செடிகள்

என் மனைவி மலையிறங்கிக் கடற்கரை நகரமான குவாந்தானுக்குப் பயிற்சிக்குப் போன வருஷம், நாங்கள் இருவரும் ஒரு கணினி விளையாட்டுக்குள் குடித்தனம் நடத்தினோம். கேட்பவர்கள் சிரிப்பார்கள். நாற்பதை நெருங்கும் ஆள், தேயிலைத் தோட்டத்துக் கவ்வாத்து கேங்கில் செடி வெட்டுகிறவன், இரண்டாம் படிவத்தோடு, அதாவது எட்டாவதோடு, பள்ளிக்கூடத்தை விட்டவன், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு திரையில் கல் பொறுக்குகிறான் என்றால் சிரிக்கத்தான் செய்வார்கள். கேங்கிலும் சிரித்தார்கள். எதற்காக உட்கார்ந்தேன் என்று அவர்களிடம் நான் சொல்லவில்லை. அவள் திரும்பி வரமாட்டாளோ என்கிற பயத்தில்தான் உட்கார்ந்தேன்.

பயம் எனக்குப் புதிதல்ல. அடுப்பை அணைத்துவிட்டு இரண்டு முறை போய்ப் பார்ப்பேன். இலை ஏற்றும் லோரி அரை மணி நேரம் தாமதமானால் பள்ளத்தில் கிடக்கிறது என்று மனசு முடிவு கட்டிவிடும். இரண்டு நாள் விடாமல் மழை பெய்தால் அடையாள அட்டைகளையும் கல்யாணச் சான்றிதழையும் பிளாஸ்டிக் பையில் கட்டித் தலைமாட்டில் வைத்துக்கொள்வேன், மண் சரிந்தால் தூக்கிக்கொண்டு ஓட. அவள் எனக்கு நேர் எதிர். பன்னிரண்டு வருஷம் தோட்டத்துப் பிள்ளைக் காப்பகத்தில் அடுத்தவர் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்தவள், ஒரு நாள் டயாலிசிஸ் மையத்தில் ஓராண்டுப் பயிற்சி இருப்பதாகக் கேள்விப்பட்டு, மனு போட்டு, இடமும் கிடைத்து, பெட்டியைக் கட்டிவிட்டாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவளைப் பிடித்து நிறுத்த என்னைத் தவிர வீட்டில் வேறு எதுவும் இல்லை. என்னால் ஆகாது என்பதும் எனக்குத் தெரியும்.

தொலைபேசியில் எங்களுக்குப் பேச்சு ஓடவில்லை. சாப்பிட்டாயா என்று நான் கேட்பேன். மழையா என்று அவள் கேட்பாள். அதற்குமேல் இரண்டு பேரும் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டிருப்போம். முதல் நீண்ட விடுமுறைக்கு வந்தபோது எங்கள் மலையில் இருக்கும் கம்போங் ராஜா கடைத்தெருவில் ஒரு பழைய லேப்டாப்பைப் பிடித்து, விடுதித் தோழி சொல்லிக்கொடுத்த விளையாட்டை அதில் ஏற்றி, என் முன்னால் வைத்தாள்.

“போன்ல ஒங்களுக்குப் பேச வராது. கையில ஒரு வேலையக் குடுத்தா பேசுவீங்க” என்றாள்.

அது உண்மைதான். அந்த விளையாட்டில் நான் இங்கிருந்தும் அவள் விடுதியிலிருந்தும் நுழைந்து, வெறுங்கையோடு ஒரே கடற்கரையில் விழித்துக்கொள்வோம். அதன் பிறகு யாரும் எதுவும் சொல்வதில்லை. எந்தத் திசையிலும் போகலாம், எதையும் வெட்டலாம், எதையும் கட்டலாம். ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு நடக்க ஒரு முழு ஞாயிறு வேண்டும். பனி மலை, சதுப்பு, உப்புக் காற்று, ஓநாய்க் குடும்பம் எல்லாம் உண்டு. பேர் என்ன, எதுவரை படித்தாய் என்று கேட்க அங்கே ஒரு விண்ணப்பத் தாள் இல்லை. திரையின் அடியில் நான்கு கோடுகள் இருக்கும்: பசி, தாகம், குளிர், அசதி. அவை குறையக் குறைய ஆள் செத்துப்போவான். முதல் நாள் அதைப் பார்த்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. என் மண்டைக்குள் எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும் கோடுகளை யாரோ வெளியே எடுத்து வரைந்தது போல் இருந்தது.

வெளியுலகத்தில் ஒன்றுக்கும் உதவாத என் பயம் அங்கே காரியத்துக்கு ஆனது. அவள் மானைத் துரத்திக்கொண்டு மலை விளிம்பிலிருந்து விழுந்து முதல் வாரமே மூன்று முறை செத்தாள். நான் ஒருமுறைகூடச் சாகவில்லை. விறகை மூன்று இடத்தில் அடுக்கினேன். இறைச்சியை உலர்த்தித் தொங்கவிட்டேன். வேலிக்கு வெளியே இன்னொரு வேலி போட்டேன். பனிப்புயல் வந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் நெருப்போரம் உட்கார்ந்து, நான் சேர்த்ததைத் தின்றே தப்பித்தோம். “நல்லாத்தான் பயப்படுறீங்க லா” என்றாள் ஹெட்போனில். கல்யாணமாகிப் பதினான்கு வருஷத்தில் என் பயத்தை யாரும் பாராட்டியது அதுதான் முதல் தடவை.

குறை இல்லாமலில்லை. சொல்லப்போனால் குறையில்தான் பாதி நேரம் போனது. ஒரு முழு உலகத்தையே செய்து காட்டுகிறோம் என்று கிளம்பியவர்கள், கதவைச் சரியாகச் செய்யவில்லை. சரிவில் கட்டிய வீட்டுக்குக் கதவு மூடாது. மழை கூரையைத் துளைத்துக்கொண்டு நேராகப் படுக்கையில் விழும். எங்கள் மாடு ஒரு காலையில் கூரைமேல் நின்றது, பிறகு இறங்கவே இல்லை. இரண்டு மணி நேரம் நடந்து அவளைப் பார்க்கப் போய், பாறைக்குள் கால் இறங்கி, பூமிக்கு அடியில் விழுந்துகொண்டே இருந்திருக்கிறேன். ஊர்க்காரர்கள் என்று சிலர் உண்டு. அவர்களுக்கு மூன்று வாக்கியம்தான் தெரியும். போதாததற்கு எங்கள் மலையில் மழை இறங்கினால் இணைய லைன் போய்விடும். மத்தியானத்தில் இங்கே மழை இறங்காத நாள் எது? பேச்சு பாதியில் அறுந்து நிற்கும். ஆனால் அந்தக் குறைகளைப் பற்றிப் பேசிப் பேசியே எங்களுக்குப் பேச்சு வந்தது. மாடு இறங்கியதா என்று அவள் வேலை இடைவேளையில் கூப்பிட்டுக் கேட்டாள்.

விளையாட்டில் அவளுக்கென்று ஒரு தோட்டம் இருந்தது. காய்ச்சலைத் தணிக்கும் புளிப்புப் பழச் செடி. விதையை எங்கெங்கோ தேடி எடுத்து, மலைச்சரிவில் படி வெட்டி, மூன்று மாதத்து ஞாயிறுகளில் நாற்பது செடி வைத்திருந்தாள். அந்த மூன்று வாக்கிய ஊர்க்காரர்கள் காய்ச்சலில் விழும்போது பழத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பாள். அவர்கள் நன்றி சொல்ல மாட்டார்கள். அவளுக்கு அது பொருட்டில்லை. பயிற்சி முடிய இரண்டு மாதம் இருந்த சமயம், செடிகள் ஆள் உயரம் வளர்ந்து, காய்ப்புக் குறைந்துகொண்டே வந்தது.

கவ்வாத்து என்றால் என்னவென்று தோட்டத்துக்கு வெளியே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். தேயிலைச் செடியைச் சில வருஷத்துக்கு ஒருமுறை முழங்கால் அளவுக்கு வெட்டிவிடுவோம். ஒரே ஒரு கிளையை மட்டும் மூச்சு விட விட்டுவைப்போம். வெட்டி முடித்த மலையைச் சுற்றுலாக்காரர்கள் பார்த்தால் தீப்பிடித்த காடு என்பார்கள். மூன்று மாதத்தில் கட்டையெல்லாம் துளிர்த்து, பழைய செடியைவிடக் கொழுத்து நிற்கும். பதினெட்டு வருஷமாக நான் பார்ப்பது அந்த வேலைதான். வெட்டினால் தளிர்க்கும் என்பது எனக்கு மூச்சு விடுவது மாதிரி.

அந்த விளையாட்டிலும் கவ்வாத்துக் கத்தி ஒன்று இருந்தது. இரும்பு உருக்கிச் செய்யலாம். வெட்டினால் வெட்டு வாயில் பால்கூடக் கசியும். இவ்வளவு தெரிந்த ஆட்களுக்கு மிச்சமும் தெரிந்திருக்கும் என்று நம்பினேன். ஒரு செவ்வாய்க்கிழமை வேலை விட்டு வந்து, வெளிச்சம் போவதற்குள், நாற்பது செடியையும் முழங்கால் அளவுக்கு இறக்கினேன். ஒவ்வொன்றிலும் ஒரு கிளை விட்டேன். தழையை அடியில் பரப்பி மூடினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமாகக் கவ்வாத்து செய்ததில்லை. அவளிடம் சொல்லவில்லை. வந்து பார்க்கட்டும் என்று இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்தாள். வெகு நேரம் அவள் உருவம் படிக்கட்டில் அசையாமல் நின்றது. லைன் போய்விட்டதென்று நினைத்தேன்.

“எல்லாம் செத்துப் போச்சுங்க” என்றாள்.

துளிர்க்கும், மூன்று மாதம் பொறு என்றேன். செடியின் மேல் அம்புக்குறியை வைத்துப் பார்க்கச் சொன்னாள். வைத்தேன். பழச்செடி என்று இருந்த இடத்தில் விறகு என்று எழுதியிருந்தது. நாற்பதும் விறகு.

“ஏன் ஒரு வார்த்த கேக்கல?”

காய்ப்புக் குறைந்துவிட்டது, முற்றிலும் போய்விடுமோ என்று பயமாக இருந்தது என்றேன்.

“அன்னிக்கி கிராணிகிட்டயும் இப்படித்தான் சொல்லிட்டு வந்தீங்க. அப்பயும் என்ன கேக்கல.” அவள் குரல் உயரவில்லை. “இன்னும் ஒரு வருஷம் இங்கயே வேலைக்கு இருக்கச் சொல்றாங்க. வெள்ளிக்கிழம பதில் குடுக்கணும். இன்னிக்கி ஒங்ககிட்ட கேக்கலாம்னு இருந்தேன். இப்ப கேக்கல.”

அவள் உருவம் மறைந்தது. இந்த முறை லைன் இருந்தது. மழைகூட இல்லை.

கிராணி விஷயம் நான்கு வருஷத்துக்கு முந்தியது. காப்பகத்துக்குத் தலைவியாக அவளைப் போடலாமா என்று அலுவலகத்தில் கணக்கு எழுதும் கிராணி காலைப் பெரட்டில், ஆட்களுக்கு வேலை பிரிக்கும் இடத்தில், என்னிடம் விசாரித்தார். அவளுக்குச் சரிப்படாது ஐயா என்று சொல்லிவிட்டேன். ஏதாவது ஒரு பிள்ளை விழுந்து அடிபட்டால் பழி அவள்மேல் வருமே என்கிற பயம். சில மாதம் கழித்து வேறொரு பெண் சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது. அன்றைக்கும் வழக்கம்போல் சோறு போட்டாள். மறந்துவிட்டாள் என்று நான்கு வருஷமாக நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்த வாரம் மொழிபெயர்க்கும் செயலியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, விளையாடுகிறவர்கள் எழுதும் பக்கங்களை ஒவ்வொரு சொல்லாகப் படித்தேன். என்னைப் போல் வெட்டிவிட்டுப் புலம்பியவர்கள் நிறைய இருந்தார்கள். வெட்டிய செடி துளிர்ப்பதை அடுத்த முறை சேர்ப்போம் என்று விளையாட்டைச் செய்தவர்கள் எப்போதோ வாக்குக் கொடுத்திருந்தார்கள். கத்தியைச் செய்தார்கள், வெட்டைச் செய்தார்கள், கசியும் பாலைச் செய்தார்கள். தளிரைச் செய்ய நேரமில்லாமல் போய்விட்டது. கோபம் வந்தது. ஆனால் அவர்களை மட்டும் திட்டி முடிக்க முடியவில்லை. எங்கள் செடியைப் பற்றித் தெரிந்த ஒரே விஷயத்தை வைத்துக்கொண்டு எல்லாச் செடியும் தெரியும் என்று வெட்டியவன் நான்.

வியாழக்கிழமை நான்கு மணிக்கு அவளுக்கு வேலை முடியும். மோட்டாரை எடுத்துக்கொண்டு பக்கத்து ஊரான திரிங்காப்புக்குப் போகும் சாலையில் சிக்னல் நன்றாகக் கிடைக்கிற ஒரு வளைவுக்குப் போனேன். காய்கறி ஏற்றும் கொட்டகையில் ஒதுங்கி நின்று, கேட்க வேண்டியதைத் துண்டுக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு கூப்பிட்டேன். மழைச் சாரலில் மை கரைந்து கையில் ஒட்டியது.

“கேக்கணும்னுதான் கூப்ட்டேன்” என்றேன்.

“கேளுங்க.”

“அங்க இருக்கணும்னு நெனைக்கிறியா, இங்க வரணும்னு நெனைக்கிறியா? ஒனக்கு எது வேணும்?”

கோஸ் ஏற்றிய லோரி ஒன்று கடந்து போனது. “இன்னும் ஒரு வருஷம் இருக்கணும்ங்க. இப்பத்தான் ஊசி போட எனக்குக் கை நடுங்காம வருது. வந்துருவேன். ஆனா இப்ப வரல.”

என் வாயில் ஐந்தாறு ‘ஆனா’ வந்து நின்றன. அங்கே உனக்குக் காய்ச்சல் வந்தால், இங்கே மலை சரிந்தால், ஒரு வருஷம் இரண்டு வருஷமானால். எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு, சரி என்றேன். அவ்வளவுதான். அதன் பிறகு அவள்தான் பேசினாள். சேர்ந்த புதிதில் ஒரு கிழவர் அவள் கையைத் தட்டிவிட்டது, இப்போது அவரே அவளைத்தான் கூப்பிடச் சொல்வது, எல்லாம். அரை மணி நேரம் ஆனது. திரையும் இல்லை, மாடும் இல்லை, வெறும் தொலைபேசி.

ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னும் விளையாடுகிறோம். கட்டைகளைப் பிடுங்கிவிட்டு அவள் புதிதாக நட்டாள். எங்கே நடுவது, எப்போது பறிப்பது எல்லாம் அவள் முடிவு. நான் தண்ணீர் சுமக்கிறேன். அந்த விளையாட்டை மட்டமானது என்று பலர் எழுதுகிறார்கள். அவர்கள் எழுதுவது தப்பில்லை. ஆனாலும் எனக்கு அதன்மேல் ஒரு மரியாதை இருக்கிறது. சின்னதாக ஒன்றைச் செய்து ஒழுங்காக முடித்தவர்களிடம் கவ்வாத்துக் கத்தி இருந்திருக்காது. கைக்கு மீறின ஆசை உள்ளவன்தான் கூரைமேல் மாட்டை நிறுத்துவான்.

போன மாதம் இரண்டு பஸ் மாறிக் குவாந்தானுக்குப் போனேன். விடுதியை விட்டு அவள் வாடகைக்கு அறை பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் மாடி. வெக்கையில் எனக்குச் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. வீட்டுக்காரம்மா வெளியே நிற்க, நான் வழக்கம்போல் ஆரம்பித்தேன்: ஜன்னல் கொக்கி, கேஸ் குழாய், மாடிப்படியில் எரியாத விளக்கு, பின்கதவு. மனசுக்குள் பட்டியல் நீண்டுகொண்டே போனது. அவள் நடு அறையில் நின்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எப்படி இருக்கு?” என்று கேட்டாள்.

“ஒனக்குப் பிடிச்சிருக்கா?”

அவள் ஒருமுறை சுற்றிப் பார்த்தாள், ஜன்னலைத் திறந்தாள், தெருவை எட்டிப் பார்த்தாள். “பிடிச்சிருக்கு” என்றாள். “ஆனா இந்தக் கொக்கி ஆடுதுங்க. நீங்க போறதுக்குள்ள மாத்திக் குடுத்துட்டுப் போங்க.”

கீழே இறங்கி, இரும்புச் சாமான் கடை எங்கே இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டு இருவரும் நடந்தோம்.