சேவலுக்கு வைத்த தண்ணீர்

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் எங்கள் சேவல் கூவவில்லை.

அது கூவித்தான் நான் மாதா கோயில் முதல் பூசைக்கு எழுந்திருப்பேன். அன்றைக்கு செல்போனைப் பார்த்துத்தான் மணி தெரிந்தது. பின்பக்கம் போய்க் கூடையைத் தூக்கிப் பார்த்தேன். கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, இறகெல்லாம் சிலுப்பிக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி நின்றிருந்தது. நொய்யரிசி போட்டேன். பார்த்தது, தின்னவில்லை.

வேறு சேவலாக இருந்தால் அன்றைக்கே குழம்பாகியிருக்கும். அதை நான் மறைக்கவில்லை. ஆனால் இது மாதாவுக்கு நேர்ந்த சேவல். என் மகளுக்கு ஏழு மாதத்திலேயே குழந்தை பிறந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். என் உள்ளங்கை அளவுதான் இருந்தது. நான் ராயபுரம் வந்து, கடலோரத்தில் குகை மாதிரிக் கட்டியிருக்கும் மாதா கெபிக்கு ஓடி, "இந்தப் புள்ளைய வூடு கொண்டாந்து சேத்துடு தாயே, திருவிழாவுக்கு ஒரு சேவல் கொண்டாறேன்" என்று தரையில் விழுந்து அழுதேன். குழந்தை வீடு வந்து சேர்ந்தது. இப்போது குப்புறப் படுத்துத் தலையைத் தூக்கிச் சிரிக்கிறது.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. வேண்டிக்கொண்ட அன்றைக்கே ஒரு குஞ்சைப் பிடித்துக் காலில் நீலக் கயிறு கட்டிவிட வேண்டும். அது வளர்வது நம் வீட்டில், தின்பது நம் கையில். நடுவில் செத்துப்போனால் மார்க்கெட்டில் வேறொன்று வாங்கிக் கொடுப்பது கிடையாது. செத்தால் என்ன அர்த்தம் என்று ஃபாதர் யாரும் சொன்னதில்லை. நாங்களாக ஒரு அர்த்தம் வைத்துக்கொள்வோம். நான் வைத்துக்கொண்ட அர்த்தத்தை என் மகளிடம்கூடச் சொல்லவில்லை. தொட்டிலைப் பார்த்தேன், கூடையைப் பார்த்தேன். திருவிழாவுக்கு இன்னும் இருபது நாள்.

என் வீட்டுக்காரர் ஹார்பரில் கப்பல் மேல் கன்டெய்னர்களை இழுத்துக் கட்டும் வேலை செய்கிறார். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "சளி புடிச்சிருக்கும்மே. மொளகு குடு" என்று சொல்லிவிட்டு ஷிப்ட்டுக்குப் போய்விட்டார். மிளகு, பூண்டு, சின்ன வெங்காயம், மஞ்சள் எல்லாம் நசுக்கி உருட்டி, வாயைப் பிளந்து ஊட்டினேன். அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். எதிரே என் ஓரகத்தி வீட்டு ஜன்னல் திறந்திருந்தது.

ஓரகத்தி என்றால் என் வீட்டுக்காரரின் தம்பி பெண்டாட்டி. மாமனார் வீட்டை இரண்டாகப் பிரித்ததில் முன்பக்கம் எங்களுக்கு, பின்பக்கம் அவர்களுக்கு. நடுவில் இருக்கும் முற்றம் பொது. அவளும் நானும் பேசி நாலு மாதம் ஆகியிருந்தது. குழந்தையின் ஞானஸ்நானத்துக்கு நான் நேரில் போய்க் கூப்பிடவில்லை, என் வீட்டுக்காரரிடம் சொல்லி அனுப்பினேன். அவள் வரவில்லை. அதிலிருந்து அவள் என்னிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் துணிக் கொடியிடம் சொல்வாள்.

"மூணு மணிக்கே கத்திகினு கீது. மனுசன் தூங்க வாணாவா? ஒரு நா இல்லாட்டி ஒரு நா கொயம்புல போட்டாத்தான் அடங்கும்" என்று அந்த வாரத்துக்கு முந்தின வாரம்தான் துணி உதறிக்கொண்டே சொல்லியிருந்தாள். அது எனக்கு ஞாபகம் வந்தது. அவள் ஜன்னல் திட்டில் எலி மருந்து பாக்கெட் இருந்ததும் ஞாபகம் வந்தது.

சரி, கண்ணு பட்டிருக்கும், இல்லாவிட்டால் அதற்கு மேலே ஏதாவது இருக்கும் என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் மாதா படத்துக்குப் பக்கத்தில் ஒரு பாட்டில் நிறைய மந்திரித்த உப்பு எப்போதும் இருக்கும். கோயிலில் ஜெபக் கூட்டம் முடிந்ததும் ஃபாதர் மந்திரித்துக் கொடுப்பார். குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் தலைமாட்டில் வைப்போம், வாசலில் தூவுவோம், கெட்ட கனவு கண்டால் நாக்கில் ஒரு கல் வைத்துக்கொள்வோம். அதில் ஒரு கை அள்ளிச் சேவலின் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டு, 'அருள்நிறைந்த மரியே' செபம் ஒரு தடவை சொல்லிக் கலக்கி வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் கிண்ணம் காலி. காலையில் ஒரு சொட்டு குடிக்காத சேவல்! எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. மாதா வேலை செய்கிறாள் என்று இன்னொரு கிண்ணம் வைத்தேன். அதையும் குடித்தது.

புதன்கிழமை பேதியானது, வெறும் தண்ணியாக. வியாழக்கிழமை நடந்தால் தள்ளாடியது. பூசைக்குப் போகும்போது பாதிக் கிண்ணம் வைத்துவிட்டுப் போனேன். வந்து பார்த்தால் கிண்ணம் விளிம்பு வரைக்கும் நிறைந்திருந்தது.

என் மகளைக் கேட்டேன். "நான் புள்ளைக்குப் பால் குடுத்துகினு இருந்தேம்மா, பின்னாடியே போவல" என்றாள். வீட்டுக்காரரைக் கேட்டேன். "கோழிக்குத் தண்ணி ஊத்துறதா என் வேலை?" என்றார். அப்படியானால் யார்? முற்றத்துக்கு வரும் பக்கத்துச் சந்தில் எங்கள் இரண்டு வீட்டு ஆட்களைத் தவிர வேறு யாரும் வருவதில்லை. குனிந்து தண்ணீரை மோந்து பார்த்தேன். ஒரு வாசனையும் இல்லை. வாசனை இல்லாததே எனக்குச் சந்தேகத்தை அதிகமாக்கியது. அப்படியே சாக்கடையில் கொட்டி, கிண்ணத்தைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, புதுத் தண்ணீர் பிடித்து, இந்தத் தடவை இரண்டு கை உப்பு போட்டேன்.

வெள்ளிக்கிழமை அதை மீன் கூடையில் வைத்து மேலே துணி கட்டி, ஷேர் ஆட்டோ ஏறி, டோல்கேட்டுக்கு அந்தாண்ட இருக்கும் கால்நடை டாக்டரிடம் கொண்டுபோனேன். பக்கத்தில் உட்கார்ந்த பையன் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஆயா, பறவைக் காய்ச்சலா?" என்றான்.

"உன் வாய்ல வசம்ப வச்சித் தேய்க்க. சாமி சேவல்டா இது."

"சாமி சேவலுக்கு இன்னாத்துக்கு டாக்டரு?"

நான் கூடைத் துணியை இழுத்து முடிந்தேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். கண் இமையைத் தூக்கினார், வாய்க்குள் டார்ச் அடித்தார், வயிற்றைத் தடவினார். "என்னென்ன குடுத்தீங்கம்மா?" என்று கேட்டார். மிளகு, பூண்டு, வெங்காயம், மஞ்சள் என்று சொன்னேன். "வேற?" என்றார். "வேற ஒண்ணும் இல்ல மேடம்" என்றேன். சத்தியமாக நான் பொய் சொல்லவில்லை. உப்பு என் நினைவுக்கே வரவில்லை. கோயிலிலிருந்து வந்ததை யாராவது தீனியில் சேர்த்துச் சொல்வார்களா?

போகும்போது கிட்டே போய்க் கேட்டேன். "யாருனா எதுனா வச்சிருப்பாங்களா மேடம்?"

"யாரு வைப்பாங்க?"

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, "இப்படி நிக்கிறதுக்குப் பத்துக் காரணம் இருக்கலாம். பாத்த உடனே சொல்ல முடியாதும்மா. இந்தப் பவுடரைத் தண்ணில கலந்து குடுங்க, நல்லா குடிக்கட்டும்" என்றார். கலந்து கொடுத்தேன், உப்போடு சேர்த்து.

சனிக்கிழமை கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டது. தலை வானத்தைப் பார்த்தது, கால் ஒரு பக்கம் இழுத்தது. அதைப் பார்த்தபடி முற்றத்தில் உட்கார்ந்து செபமாலை சொன்னேன். மணி கையில் உருண்டதே தவிர, கண்ணெல்லாம் அந்த ஜன்னலில்தான். அன்றைக்கு நான் மாதாவிடம் கேட்டதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. "செஞ்சது யாருன்னு காட்டு தாயே. காட்டிட்டு அவங்க கையக் கால முடக்கு" என்று கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை விடியும்போது பூசைக்குப் போகிறவள் மாதிரி முக்காடு போட்டுக்கொண்டு கிளம்பினேன். சத்தம் கேட்கட்டும் என்று வாசல் கேட்டை இழுத்து அடித்துச் சாத்தினேன். பிறகு பக்கத்துச் சந்து வழியாகத் திரும்பி வந்து, முற்றத்து மூலையில் இருந்த தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் குந்திக்கொண்டேன். ஒரு கன்டெய்னர் லாரி போனது. தரை அதிர்ந்தது. அடுத்த லாரி வருவதற்குள் பின்வீட்டுக் கதவு திறந்தது.

அவள்தான். கையில் சொம்பு. நேராகக் கூடைக்கு வந்து கிண்ணத்தை எடுத்தாள். நான் பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"மாட்னியா! இன்னாடி ஊத்துற அதுல?"

"ஐயோ மாதாவே! உசுரே பூட்ச்சி... தண்ணிக்கா, தண்ணி."

"தண்ணியா? ஒரு வாயில்லா ஜீவன இத்தினி நாளா கொன்னுகினு கீற!"

"யாரு, நானா?" அவள் கையை உதறினாள். "வெரல வுட்டு நாக்குல வச்சிப் பாரு. நீ வச்ச தண்ணிதான் இது, நான் இன்னும் கொட்டல. பாரு!"

வைத்துப் பார்த்தேன். தொண்டை வரைக்கும் கரித்தது.

"கருவாடு ஊறப்போட்ட தண்ணி கூட இவ்ளோ கரிக்காது. ஜன்னல்லேந்து பாத்துகினுதான் கீறேன், நான் கொட்டக் கொட்ட நீ போட்டுகினே கீற. இன்னாத்துக்கு?"

"அது மந்திரிச்ச உப்புடி."

"மந்திரிச்சா கரிக்காதா? மனுசனுக்கு ஒரு கல்லு போதும். கோழி வயிறு இத்துனூண்டு. எங்கம்மா வூட்ல கருவாட்டுத் தண்ணியக் குடிச்சிட்டு நாலு கோழி இதே மாதிரி கழுத்தத் திருப்பிகினு செத்துச்சு."

"வாயத் தொறந்து சொல்லித் தொலைக்கிறதுதானே!"

"எப்டி சொல்றது? ஞானஸ்நானத்துக்கே ஆள் வுட்டுச் சொன்னவ நீ. கோழிக்கு நான் யார வுட்டுச் சொல்றது?"

அப்படியும் என் சந்தேகம் அவ்வளவு சுலபத்தில் இறங்கவில்லை. "உன் சொம்புத் தண்ணிய மொதல்ல நீ குடி" என்றேன். அவள் என்னை முறைத்தபடியே மடக் மடக்கென்று பாதிச் சொம்பைக் குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, மீதியைக் கிண்ணத்தில் ஊற்றினாள். நான் சாகிறாளா என்று பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் ஏப்பம் விட்டாள்.

அந்த ஞாயிறு எனக்குப் பூசை இல்லை. கோழியை நான் மடியில் பிடித்துக்கொள்ள, அவள், எங்கள் குழந்தைக்குச் சொட்டு மருந்து கொடுக்கும் ஃபில்லரால் நல்ல தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். "ஒரேடியா குடுத்தா தாங்காது" என்று கிண்ணத்தைத் தூரமாக வைத்துவிட்டாள். என் மகள் வந்து ஃபில்லரைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். "கலீஜ்மா! புள்ள வாயில வைக்கிறது!"

நாலாம் நாள் ஒரு நொய்யைக் கொத்தியது. அடுத்த வாரம் கூவியது. கூவல் என்று சொல்ல முடியாது, இருமல் மாதிரி ஒரு சத்தம். கழுத்துச் சாய்வு மட்டும் முழுசாகப் போகவில்லை. முதல் செவ்வாய்க்கிழமை அது எதனால் அப்படி நின்றது என்று இன்றைக்கும் தெரியாது. சளியோ, வெயிலோ, லாரிப் புகையோ. உப்பு அதற்கு அப்புறம்தானே வந்தது? அதை நினைக்கும்போதெல்லாம் என் கண் தானாகவே அந்த ஜன்னலுக்குப் போகும். போனதும் கண்ணைத் திருப்பிக்கொள்வேன்.

திருவிழா அன்று கெபிக்குப் பக்கத்தில் பந்தல் போட்டுக் காணிக்கை வாங்கினார்கள். கொடுக்கிற சேவலையெல்லாம் பூசை முடிந்ததும் ஏலம் விடுவார்கள். வரிசையில் என் முறை வந்தபோது, வாங்கி வைக்கிறவர் சேவலைத் தூக்கிப் பார்த்தார்.

"இன்னா ஆயா, தலை ஒரு பக்கமா கீது? சீக்குக் கோழியா?"

"இல்ல நைனா, நல்லாத்தான் கீது."

"நல்லா இருந்தா தலை ஏன் இப்டி நிக்குது? நாளைக்கு ஏலம் எடுத்தவனுக்கு எதுனா ஆச்சுன்னா கோயிலுக்குத்தான் கெட்ட பேரு. எட்த்துகினு போ. மத்த கோழிங்களுக்கும் தொத்திக்கும்."

பின்னால் இருந்தவர்கள் தங்கள் கோழிகளை இழுத்துக்கொண்டு ஒரு அடி தள்ளி நின்றார்கள். கீழே விழுந்து சுளுக்கிக்கொண்டது என்று சொல்லியிருக்கலாம், வாய் வரைக்கும் வந்தது. என் மகள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றாள். மாதா முன்னால், அந்தப் பிள்ளையை வைத்துக்கொண்டு பொய் சொல்ல முடியவில்லை.

"சீக்கு இல்ல. நான்தான் தண்ணில மந்திரிச்ச உப்ப கை கையா அள்ளிப் போட்டுக் குடிக்க வச்சேன். அதுல திருகிகிச்சு" என்றேன்.

யாரோ சிரித்தார்கள். அவர் நம்பவில்லை. "உப்புல எங்கன்னா கழுத்து திருகுமா? கதை வுடாத" என்றார்.

மூன்று பேருக்குப் பின்னால் நின்றிருந்த என் ஓரகத்தி முன்னால் வந்தாள். "கதை இல்ல நைனா. அந்தத் தண்ணிய தெனம் சாக்கடைல கொட்டுனவளே நான்தான். அரிசியப் போட்டுப் பாரு, எப்டித் துன்னுதுன்னு."

அவர் ஒரு பிடி அரிசியைத் தரையில் போட்டார். சேவல் தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் பார்த்துவிட்டு, ஒன்று விடாமல் கொத்தித் தின்றது. அவர் சேவலின் காலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டுபோய், மற்றதுகளுக்கு அந்தாண்ட தனியாகக் கட்டினார். "தாயே" என்று மட்டும்தான் எனக்கு வந்தது.

திரும்பி வரும்போது ஓரகத்தி என் கூடவே நடந்தாள். குழந்தையை அவள்தான் வாங்கிக்கொண்டிருந்தாள்.

"யக்கா, அந்த ஆறு நாளும் என்னப் பத்தி இன்னா இன்னா நெனச்ச? மறைக்காம சொல்லு."

பாதி சொன்னேன். மீதியைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொள்கிறேன் என்றேன்.

"அடிப்பாவி!" நடுரோட்டில் நின்றுவிட்டாள். "ஃபாதர் கிட்ட சொல்ற அளவுக்கா கீது?"