பருந்துகளைத் தேங்காய் எண்ணுவதுபோல் எண்ணினேன்

பிள்ளைகளே, விருந்து வீடுகளில் உங்கள் மாமன், அதாவது உங்கள் அம்மாவின் அண்ணன், என்னைக் காட்டி, "எங்க மாப்ள பருந்தெண்ணுனவருங்க" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். நீங்களும் சிரித்திருக்கிறீர்கள். உங்கள் மேல் கோபம் இல்லை, உங்களுக்கு விவரம் தெரியாது. எனக்குத் தெரிந்த மட்டும் எழுதி வைக்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் காங்கேயத்துக்குப் பக்கத்தில் ஒரு தேங்காய்க் களத்தில் காய் எண்ணும் வேலை பார்த்தேன். படித்தது எட்டாவது வரைக்கும்தான். லாரியிலிருந்து இறக்கிய காயைக் கைக்கு இரண்டாக எடுத்து வீச வேண்டும். நூறு ஆனதும் ஒரு காயைத் தனியே எடுத்து வைக்க வேண்டும். கடைசியில் தனியே வைத்த காய்களை எண்ணினால் எத்தனை நூறு என்று தெரிந்துவிடும். யார் வந்து பேச்சுக் கொடுத்தாலும் எனக்கு எண்ணிக்கை தப்பாது. அந்தப் பெருமை கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

களத்தை அடுத்து உங்கள் மாமனுடைய கொறங்காடு. ஆடுமாடு மேய்வதற்கென்றே விட்டு, சுற்றிலும் கிளுவை வேலி வைத்த நிலம். நான்காகப் பிரித்து மாற்றி மாற்றி மேய்ப்பார். அதில் ஒரு பாகத்தை மட்டும் ஆடி மாதம் அடைத்தால் தை மாதம்தான் திறப்பார். கொழுக்கட்டைப் புல் முற்றி விதை உதிர வேண்டும், அப்போதுதான் அடுத்த மழைக்கு முளைக்கும். இடுப்பளவு புல் நின்ற அந்த அடைத்த பாகத்தில்தான் ஐப்பசி பிறந்ததும் பூனைப்பருந்துகள் வந்து தங்கும். நம் ஊர்ப் பருந்து மரத்தில் அடையும். இவை புல்லுக்குள் தரையிலேயே படுப்பவை.

இமயமலைக்கும் அப்பாலிருந்து வருகின்றன என்று எனக்குச் சொன்னவர் கோயமுத்தூரில் ஒரு கல்லூரியில் வேலை பார்த்த வாத்தியார். மோட்டார் சைக்கிளில் வந்து கொறங்காட்டைச் சுற்றிப் பார்த்தவர், தினமும் வந்து எண்ண முடியாது என்று வருத்தப்பட்டார். நான் எண்ணித் தருகிறேன் என்றேன். ஒரு நோட்டைக் கொடுத்தார். சாயங்காலம் வேலியோரம் நின்று, இறங்குகிற பருந்தை எண்ணி, தேதி போட்டு எழுதச் சொன்னார்.

வேலை முடிந்ததும் நேராக அங்கே போவேன். வெள்வேல மரத்தடியில் நின்று ஒவ்வொரு பருந்து இறங்கும்போதும் எண்ணுவேன். பத்துக்கு ஒரு கல்லைச் சட்டைப் பையில் போடுவேன். நூறு தாண்டியது, நூற்று இருபது ஆனது, ஒரு நாள் நூற்று அறுபது. அடுத்த ஞாயிறு வாத்தியார் வந்து நோட்டைப் பார்த்துவிட்டு டீக்கடையில் அத்தனை பேர் முன்னாலும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். இத்தனை பருந்து ஒரே இடத்தில் அடைவதைத் தான் பார்த்ததே இல்லை என்றார். அன்றைக்கு எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அப்புறம் கேட்டவர், கேட்காதவர் எல்லாரிடமும் நூற்று அறுபது என்று சொன்னேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமைதான் அந்த ஆண் பருந்தைக் கவனித்தேன். சாம்பல் நிறம், இடது இறக்கையில் ஒரு இறகு இல்லை. இறங்கியது. எங்கோ நாய் குரைத்ததும் எழுந்து ஒரு சுற்றுச் சுற்றி மறுபடியும் இறங்கியது. இருட்டுவதற்குள் நான்கு முறை இறங்கியது. நான்கு முறையும் நான் அதை எண்ணியிருந்தேன். எண்ணி வீசிய தேங்காய் எழுந்து திரும்பி வராது. பருந்து வரும். இது எனக்குத் தோன்றவே இல்லை. மறுநாள் எழுந்ததையும் எண்ணிக் கழித்துப் பார்த்தேன். ஐம்பத்திரண்டுதான் இருந்தது.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். வாத்தியார் கை குலுக்கியதை நினைத்து நான்கு நாள் வாயைத் திறக்கவில்லை.

அந்த நான்கு நாளில் மாமனுடைய பட்டியில் ஆறு செம்மறிக் குட்டிகள் செத்தன. காக்கை கொத்திக் கண் போயிருந்தது. டீக்கடையில் பருந்துதான் கொன்றது என்றார்கள். நூற்று அறுபது பருந்து தினமும் எதைத் தின்னும் என்று ஒருவர் கேட்டாராம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமன், புல்லை மேயவிட்டுப் பருந்தை விரட்டுவதற்காக, அடைத்த பாகத்தின் வாசல் படலை அவிழ்த்துக்கொண்டிருந்தார். நான் ஓடிப்போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் கயிற்றிலிருந்து கையை எடுக்கவில்லை.

"போன வாரம் நூத்தறுவதுன்னீங்க. இப்ப அம்பதுங்கறீங்க. இன்னும் ரெண்டு நாள் போனா ஒண்ணுமே இல்லீம்பீங்களாட்ட இருக்குதுங்களே மாப்ளே?"

"எண்ணுனதுல தப்புப் பண்ணிப்போட்டேனுங்க மச்சான். அதுக எலியும் வெட்டுக்கிளியுந்தான் தின்னுமுங்க. குட்டியத் தூக்கற அளவுக்கு அதுக்குத் தெம்பு ஏதுங்க?"

"அந்த வாத்தியார் முன்னால இதச் சொன்னீங்களா?"

நான் படலின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன்.

"அவருகிட்டச் சொல்லாதத எங்கிட்ட வந்து சொல்றீங்க. தள்ளுங்க, ஆடு வருது."

விதை இன்னும் பால் பிடிக்காத புல். எழுபது ஆடும் எட்டு மாடும் பத்தே நாளில் மேய்ந்து தரையைக் காட்டிவிட்டன. முதல் நாள் சாயங்காலமே பருந்துகள் ஆட்டுக்கு மேலே வட்டமடித்துவிட்டுப் போயின. பத்தாம் நாள் ஒன்றும் வரவில்லை. குட்டிகள் மட்டும் தொடர்ந்து செத்தன. கால்நடை ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர் துள்ளுமாரி நோய் என்றார், ஊசி போட்டார், நின்றுவிட்டது. மாமன் கேட்டுக்கொண்டார். தான் செய்தது தவறு என்று சொல்லவில்லை. எந்த வாயால் நான் அதை அவரிடம் கேட்பது?

பஸ் ஏறி கோயமுத்தூர் ஆர்.எஸ்.புரத்தில் வாத்தியார் வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். எழுந்து மறுபடி இறங்குவதை முதலிலேயே சொல்லித் தராதது தன் தவறு என்றார். பேனாவை எடுத்து என் நூற்று அறுபதை அடித்து, பக்கத்தில் ஐம்பத்திரண்டு என்று எழுதினார். "திருத்திட்டேனுங்க, விடுங்க" என்று காப்பி கொடுத்தார். அதைக் குடிக்க எனக்குப் பிடிக்கவில்லை, குடித்தேன்.

அடுத்த ஐப்பசியில் அந்தப் பாகத்தில் புல் முழங்காலுக்குக்கூட வரவில்லை. பருந்துகள் வந்தன. இரண்டு மூன்று நாள் தாழப் பறந்து பார்த்துவிட்டுத் தெற்கே போய்விட்டன. ஒன்றும் இறங்காவிட்டாலும் எழுத வேண்டும் என்று வாத்தியார் கடிதம் போட்டிருந்தார். கார்த்திகை முடிகிற வரைக்கும் தேதி போட்டுப் பூஜ்யம் எழுதினேன். தீவனம் போதாமல் மாமன் பாதி ஆட்டை விற்றார். புல் வராததற்கும் பருந்துதான் காரணம், அதன் எச்சம் பட்டு மண் கெட்டுவிட்டது என்று இன்றைக்கும் சொல்கிறார். நான் மறுத்துப் பேசுவதில்லை. நான் ஒரு எண்ணைச் சொன்னால் அவர் சிரிப்பார்.