‘பயிர் இல்லை’ என்று எழுதிய காணி

எத்தாளையில் எங்கள் கமக்காரர் சங்கத்துக்கு நான் செயலாளர். எனக்கு இருப்பது தென்னந்தோட்டம். வேறு பயிர் செய்ததில்லை. ஆனாலும் உர மானியப் பட்டியலுக்காக ஒவ்வொரு காணியையும் நாடா பிடித்து அளந்து, பார்த்ததை அன்றே நாட்குறிப்பில் எழுதினேன். ரஹீமாவின் காணியில் மணல்தான் தெரிந்தது. அவர் வீட்டில் இல்லை. குறுக்கும் நெடுக்கும் நடந்து பார்த்துவிட்டு, ‘பயிர் இல்லை’ என்று எழுதிப் பட்டியலைக் கமநல நிலையத்துக்கு அனுப்பினேன்.

ஏழாம் நாள் காலையில் ரஹீமா என் வாசலில் நின்றார். அண்ணன் முறை வைத்து என்னை ‘நானா’ என்றுதான் கூப்பிடுவார்.

“நானா, எனக்கு மானியம் இல்லையாமே? அது இல்லாட்டி நான் எதால உரம் வாங்குற? ஒருக்கா வந்து பாருங்க.”

போனேன். காணி முழுக்க வரிசையாகக் கச்சான் கடலை முளைத்திருந்தது. நான் போன அன்று விதை மணலுக்குள் இருந்திருக்கிறது. ஆங்காங்கே மட்டும் முளை இல்லை. அந்த வெற்றிடங்கள் எல்லாம் ஒரே நீளம், ஒரே இடைவெளி.

“ஓம், உங்கட சப்பாத்துதான்,” என்று ரஹீமா சிரித்தார். “அளவு ஒரு அங்குலமும் பிசகல்ல நானா!”

நானும் சிரித்துவிட்டேன். நேரே கமநல நிலையத்துக்குப் போய், பிழை என்னுடையது என்று எழுதிக் கையெழுத்திட்டேன். ரஹீமாவின் பெயர் பட்டியலில் ஏறியது. மறுநாள் வெற்றிடங்களில் நானே குந்தியிருந்து விதை போட்டேன்.

இப்போதெல்லாம் எந்தக் காணிக்குப் போனாலும் வரம்பிலேயே நின்று, “உள்ளுக்கு என்ன போட்டிருக்கிறீங்க?” என்று முதலில் கேட்கிறேன். பதில் வந்த பிறகே பேனாவைத் திறக்கிறேன்.