பெரியப்பாவின் கால்விரல் கணக்கு

பெரியப்பா முப்பத்தைந்து வருடம் பஸ் ஓட்டியவர். ஒரு விபத்து கிடையாது. வாய்க்கு மட்டும்தான் பிரேக் இல்லை. சர்க்கரை நோயில் அவருடைய வலது கால் பெருவிரல் நுனி கறுத்தபோதும், "விரலுக்கு மை வெச்சிருக்கேன்" என்றுதான் சிரித்தார்.

டாக்டர் சிரிக்கவில்லை. "கறுப்பு கொஞ்சம் பரவினாலும் உடனே கூட்டிட்டு வாங்க. விட்டா பாதமே போயிடும்" என்றார். பெரியம்மாவுக்குக் கறுப்பு குறைந்ததுபோலத் தெரிந்தது, எனக்குக் கூடியதுபோல.

அச்சகத்தில் கம்ப்யூட்டரில் வேலை பார்க்கும் அக்கா, அதாவது அவர் மகள், எங்கள் கண்களை நம்பவில்லை. தினமும் காலை எட்டு மணிக்கு ஜன்னலோரம் நீலத் துண்டின்மேல் காலை வைக்கச் சொல்லி, ஒரே உயரத்திலிருந்து படம் எடுத்தாள். படம் என்பது லட்சக்கணக்கான நிறப்புள்ளிகள்தானே. ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் படித்து, கறுப்பு எத்தனை என்று எண்ணிச் சொல்ல ஒரு புரோகிராம் எழுதினாள். முதல் நாள் 4,120. பிறகு 4,020, 3,870 என்று இறங்கியது. அக்கா பாட்டு முணுமுணுத்துக்கொண்டே வேலைக்குப் போனாள்.

எட்டாம் நாள் 3,150. இவ்வளவு வேகமாகவா என்று அவளுக்கு உறுத்தியது. கறுப்பை மட்டுமல்ல, எல்லா நிறங்களையும் எண்ணவிட்டாள். முதல் நாள் படத்தில் வெள்ளை ஒரு புள்ளிகூட இல்லை. இன்று 2,300. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். முகப் பவுடர்! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களைப் பற்றிக் கேட்டிருக்கிறேன். கால்விரலைப் பவுடரில் மறைத்தவர் எங்கள் பெரியப்பா ஒருவர்தான்.

ஈரத்துணியால் துடைத்துவிட்டு மறுபடி எடுத்தாள். 5,460. அரை மணி நேரத்தில் ஆஸ்பத்திரியில் இருந்தோம்.

"விரலை எடுத்தாகணும். பாதம் தப்பிச்சிடும். இன்னும் ரெண்டு நாள் போயிருந்தா அதுவும் இல்லை" என்றார் டாக்டர்.

அவர் போனதும் அக்கா கேட்டாள். "ஏம்ப்பா இப்படிப் பண்ணீங்க?"

"மொத நாள் நம்பரைப் பாத்துட்டு நீ சாப்பிடாமப் போனியேம்மா. அதான் கொஞ்சம் இறக்கிக் குடுத்தேன். அப்புறம் தினமும் சிரிச்சுட்டே போன."

"எனக்கு நல்ல நம்பர் வேணாம்ப்பா" என்று அக்கா உடைந்து அழுதாள். "நீங்கதான் வேணும்."

பெரியப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். ஆபரேஷன் அறைக் கதவுவரை அதை விடவேயில்லை.