அரை மாத்திரை

இன்று மதியம், சத்திரம் பஸ் ஸ்டாண்ட் மெடிக்கல் கடை. எனக்கு முன்னால் நின்ற பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்காரர், "பூனைக்கு ஜுரம், பாராசிட்டமால் குடுங்க" என்றார்.

பதினேழு பூனைகளின் சக்கரவர்த்தியான நான், காவிரி தாண்டி ஸ்ரீரங்கம் வரை கேட்கும்படி முழங்கினேன். "பூனைக்கு அது விஷம்ங்க!"

"குழந்தைக்குக் குடுக்கற மாதிரி பாதிதான் சார். காலையில ஒரு பாதி பால்ல கரைச்சுக் குடுத்தாச்சு."

சக்கரவர்த்தியான நான் குரலைத் தாழ்த்திக் கேட்டேன்.

"ஈறு எப்படி இருக்கு?"

"பழுப்பா இருக்கு. மூச்சும் வாங்குது."

"விஷம் ஏறிடுச்சுங்க. இப்பவே கால்நடை டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடுங்க. மாத்திரை குடுத்ததை மறைக்காம சொல்லுங்க."

ஓடப்போனவர் திரும்பிக் கேட்டார். "பிழைச்சிடுமா சார்?"

"தெரியலைங்க. என் முதல் பூனைக்கு நானும் பாதிதான் குடுத்தேன். சாயங்காலம் புதைச்சேன்."

இதைப் படிக்கிறவங்கள்ல இன்னும் எத்தனை வீட்டு டாக்டர்கள் இருக்கீங்க? கை தூக்குங்க. முதல் கை என்னுடையது.