ஒரே அண்டாவில் வெந்த காணிக்கை

சாலமோன் ஐயர் இறந்துவிட்ட செய்தியை நம் சபையார் யாரும் எனக்குச் சொல்லவில்லை. சமையல்காரர் காதர் பாய்தான் பள்ளிக்கூட வாசலில் சைக்கிளை நிறுத்தி, "நம்ம ஐயர் போயிட்டாருங்க சார். விழுப்புரத்துல நேத்தே அடக்கம் பண்ணிட்டாங்களாம்" என்றார். அவரை அறிந்தவர்கள் இவ்வூரில் இன்னும் இருக்கிறீர்கள். உங்களுக்காக எழுதுகிறேன்.

எழுபதுகளின் கடைசியில் அவர் திருவண்ணாமலைக்குப் போதகராக வந்தபோது நம் சபை இருந்த நிலை உங்களுக்குத் தெரியும். ஒரே ஆலயம், இரண்டு தெரு, இரண்டு சாதி. ஆராதனையில் ஆளுக்கொரு பக்கம். கல்லறைத் தோட்டத்தில் நடுவே ஒரு சுவர். அறுப்பின் பண்டிகைக்குக் காணிக்கையாக வரும் ஆடும் கோழியும் நெல்லும் ஏலத்துக்குப் போகும். மேலத்தெரு கொண்டுவந்ததைக் கீழத்தெரு கேட்காது. கீழத்தெரு கொண்டுவந்ததை மேலத்தெரு தொடாது.

அந்த ஆண்டு ஐயர் ஏலத்தை நிறுத்தினார். பழைய இஸ்ரவேலரின் சமாதான பலியைப் பற்றிப் பிரசங்கித்தார். அந்தப் பலியில் கர்த்தருக்கு ஒரு பங்கு, ஆசாரியனுக்கு ஒரு பங்கு, மீதி கொண்டுவந்தவனுக்கு. நன்றிக்காகச் செலுத்தியதை விடியும்வரை மிச்சம் வைக்கக் கூடாது. "ஒரு முழு ஆட்டை ஒருத்தன் ஒரே நாள்ல எப்படித் தின்னுவான்? பக்கத்து வீட்டைக் கூப்பிட்டே ஆகணும். புடிக்காதவனையும் கூப்பிடணும். அதுக்குத்தான் அந்தச் சட்டம்" என்றார். வரும் காணிக்கை எல்லாம் ஒரே அண்டாவில் வேகும், எல்லோரும் ஒரே பந்தியில் சாப்பிடுவோம் என்று அறிவித்தார். ஒருவரும் ஆமென் சொல்லவில்லை.

அந்த வாரம் யாரும் சண்டைக்கு வரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. ஐயர் வீட்டு நாய் வாசலில் செத்துக் கிடந்தது. கடைத்தெருவில் ஐயருக்குத் துணையாக இருந்த என்னைக் கண்டதும் பேச்சு நின்றது. பண்டிகைக்கு முந்தின நாள், பந்திக்குச் சமைக்க இருந்த காதர் பாய் ஐயரிடம் வந்தார்.

"அண்டாவுல எதையோ கலக்கப் போறாங்கனு பேச்சு அடிபடுது. வாணாங்க ஐயரே."

"நீங்க அண்டாவை வுட்டு நகராதீங்க பாய். அது போதும்."

அந்தப் பேச்சு எல்லார் காதுக்கும் எட்டியிருந்தது. பண்டிகையன்று இலைகளைப் போட்டபோது இரண்டு தெருவும் மதிலோரம் ஒதுங்கி நின்றன. ஐயர் போய்த் தரையில் உட்கார்ந்தார். அடுத்த இலையில் நான். அவர் சாப்பிட ஆரம்பித்தார். எப்போது சாய்வார் என்று பார்ப்பதுபோல் அத்தனை கண்களும் அவர்மேல் இருந்தன. பிள்ளைகளைத் தாய்மார்கள் இறுக்கிப் பிடித்திருந்தார்கள். வெகுநேரம் கழித்துக் கீழத்தெரு ரூத்தம்மா வந்து உட்கார்ந்தார். "பசிக்குது பாய், போடுங்க." அவருக்கு எதிரே மேலத்தெருவிலிருந்து ஒரு குடும்பம் உட்கார்ந்தது. பிறகு மெல்ல மெல்லப் பாதிப் பேர். மற்றவர்கள் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்கள். மீந்த சோற்றைக் கிரிவலப் பாதையில் இருந்தவர்களுக்குக் கொடுத்து அண்டாவைக் கழுவிக் கவிழ்த்தோம்.

அன்று மாலையே ஐயர் வீட்டுக் கூரைச் சமையலறை எரிந்தது. யார் கொளுத்தியது என்று போலீஸ்காரர் கேட்டார். "தெரியுங்க. ஆனா சொல்றதுக்கில்ல" என்றார் ஐயர். சீக்கிரமே மாற்றல் வந்தது. பஸ் ஸ்டாண்டுக்கு வழியனுப்ப இரண்டு தெருவிலிருந்தும் வந்தார்கள். அப்போதும் தனித்தனியாகத்தான் நின்றார்கள். கல்லறைச் சுவர் இன்னும் இருக்கிறது. அதை உயர்த்திக் கட்ட இப்போது செங்கல் இறக்கியிருக்கிறார்கள்.

அவர் பயம் அறியாதவர் என்று இனிப் பலரும் சொல்வார்கள். நான் அவர் பக்கத்தில் இருந்தவன். அன்று பந்தியில் அவர் கை நடுங்கியது. சோறு விரல்களில் நிற்காமல் இலையில் உதிர்ந்தது. அதைத் திரும்பக் கூட்டி எடுத்து வாயில் வைத்தார். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தக் கையைத்தான்.