சாமி மாடு மேய்ந்த சோளம்

கீரனூருக்குத் தெற்கே எங்கள் ஊரில் மாட்டுக்கு ஒன்று என்றால் செங்கமலத்தைத்தான் கூப்பிடுவார்கள். அரளியைக் கடித்த ஆடு, ஊமத்தையைத் தின்ற கன்று என்று எத்தனையோ உயிரை மீட்டவள். புதுக்கோட்டை மாட்டு டாக்டர் வந்து சேர்வதற்குள் மாடு எழுந்து மேயப் போய்விடும் என்று கேலி பேசுவாள்.

புருஷன் உடையப்பன் காய்ச்சலில் கிடந்தபோது, அவன் பிழைத்தால் தன் காளைக்கன்றை அய்யனாருக்கு விடுவதாக வேண்டிக்கொண்டாள். பிழைத்தான், விட்டாள். பிள்ளையில்லாத வீட்டில் பிள்ளையாக வளர்ந்த கன்று அது. அன்று முதல் ஊருக்குச் சாமி மாடு. கட்டக் கூடாது, அடிக்கக் கூடாது, யார் கொல்லையில் வாய் வைத்தாலும் விரட்டக் கூடாது. அப்படியும் சாயங்காலமானால் அவள் வாசலில்தான் வந்து நிற்கும்.

யுத்தம் தொடங்கிய வருஷம் மழை பொய்த்தது. பெரியகருப்பன் கொல்லையில் சோளம் முழங்கால் உயரத்தில் வாடி நின்றது. வாடிய இளஞ்சோளம் மாட்டுக்கு நஞ்சு. எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதற்குள் காளை நுழைந்துவிட்டது. பெரியகருப்பன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டு நின்றார். செங்கமலம் கம்போடு ஓடிவந்தாள்.

“கம்பக் கீழ போடு தாயி. சாமி மாட்ட வெசம் என்ன பண்ணும்?” என்றார்.

“சோளத்துக்குத் தெரியுமாண்ணே, அது சாமி மாடுன்னு?”

“அடிக்கிறதுக்கு முன்னாடி சாமி குடுத்த தாலிய நெனச்சுக்க.”

ஓங்கிய கை நின்றுவிட்டது. ஊருக்கே வைத்தியம் சொன்னவள் கம்பைப் போட்டுவிட்டுக் கும்பிட்டாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நானும் வரப்பில் கையைக் கட்டிக்கொண்டுதானே நின்றேன்!

காளை நிதானமாக மேய்ந்தது. வெளியே வந்த கொஞ்ச நேரத்தில் கால் பின்னியது, நுரை தள்ளியது, சாய்ந்துவிட்டது. செங்கமலம் வெல்லத்தைக் கரைத்து மூங்கில் குழாயால் ஊற்றினாள். பாதி கடைவாயில் வழிந்தது.

“முழுங்குடா, என் ராசா, முழுங்கு” என்று கெஞ்சினாள். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அவள் மடியில் தலை கிடக்க, மூச்சு அடங்கியது. அந்த அய்யனார் மேல் எனக்கு இன்றும் கோபம்தான்.

ஊர் கூடிக் கொட்டடித்துக் குழி வெட்டியது. சாமி சாமியோடு போய்ச் சேர்ந்துவிட்டது என்று பெரியகருப்பன் கண்ணைத் துடைத்தார். வளர்த்தவள் முதல் கோடித் துணி போடட்டும் என்றார்கள். செங்கமலம் துணியை அதன்மேல் விரித்தாள். பிறகு நெற்றியைத் தடவிக்கொண்டே எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

“ஒன்னைய மாடுன்னு நெனச்சிருந்தா அடிச்சு வெரட்டியிருப்பேன்டா. பொழச்சிருப்ப.”